நல்ல தண்ணீர் இரண்டு வாளி

மீன்தொட்டி ஒன்று வாங்குவோம் என்று நீங்கள் கேட்ட ஒவ்வொரு முறையும் "பிறகு பாப்பம்" என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறேன். போன கிழமையும் அப்படித்தான். "அப்பாவுக்கு மீன் எண்டால் சட்டிக்குள்ளை கிடக்க வேணும்" என்று சின்னவன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. நானும் சிரித்தேன். ஆனால் காரணம் சொல்லாமல் மறுத்துக்கொண்டே இருப்பது சரியில்லை என்று பிறகு பட்டது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வசனம் கோணலாக இருந்தால் நீங்கள் நேராக்கி வாசியுங்கள்.

எனக்கு மீன்தொட்டி வைக்கத் தெரியும். அதுவும் கடல்தண்ணீர்த் தொட்டி. வாழ்க்கையில் ஒன்றே ஒன்று வைத்தேன்.

எண்பத்து நாலாம் ஆண்டு. அக்கா அப்போது தவழுகிற பிள்ளை. அச்சுவேலிக்குக் கிழக்கே, உப்புப் பூத்த வெட்டவெளியான உவர்த்தரவை தொடங்குகிற இடத்தில் எங்கள் குடியிருப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறு வைத்தால் உப்புப் போடத் தேவையில்லை. நான் களப்பில், அந்த உப்பு நீரேரியில், வீச்சுவலை போடுவேன். மீன் படாத மாதங்களில் தச்சுப் பட்டறை ஒன்றில் யன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பூட்டுவேன். கடலில் போக்குவரத்துக்குத் தடை வந்து, களப்பிலும் இறங்கப் பயமாகிவிட்ட காலம் அது. உங்கள் அம்மா என் காலைப் பார்த்துச் சொல்லுவாள், "இஞ்சேருங்கோ, உப்புக்கை நிண்டு கால் வெடிச்சது காணும். தரையிலை ஒரு வேலை தேடுங்கோ."

அந்தத் தரை வேலை கிடைக்கும்போல ஒரு சந்தர்ப்பம் வந்தது.

நீர்வேலிப் பக்கம், செம்மண் ஊர் ஒன்றில், மிசன்காரர் காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே புதிதாகக் கட்டிய ஆய்வுகூடத்துக்கு யன்னல் கண்ணாடி பூட்டப் போனேன். அங்கே விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் என்னிடம் வந்து, "நீங்கள் கடல் வேலையும் தெரிஞ்ச ஆளாம். எங்களுக்குக் கடல்தண்ணி மீன்தொட்டி ஒண்டு கட்டித் தருவியளோ?" என்று கேட்டார். அந்த ஊரில் என்னை "நீங்கள்" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்காகவே ஓம் என்றேன்.

அதிபர் என்னைத் தன் அறை வாசலுக்குக் கூப்பிட்டார். உள்ளே கூப்பிடவில்லை.

"தவணை தொடங்கக் கல்வி அதிகாரி வந்து லாபைத் திறந்து வைக்கப் போறார். கடல் மீனைக் கண்ணாடிக்குள்ளை வைச்சுக் காட்டினால் எங்கடை பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெருமை. விளங்குதே?"

"ஓம் ஐயா."

"லாபுக்கு உதவிக்கு ஒராள் எடுக்க வேணும். நிரந்தர வேலை. அண்டைக்கு மீன் உயிரோடை நிண்டால் உன்ரை பேரைத்தான் எழுதுவன்."

இதை வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் வெள்ளைத் துணி வாங்கிவந்து எனக்கு ஒரு சட்டை தைக்கத் தொடங்கினாள். "பள்ளிக்கூடத்து மனிசன் வெறும் சறத்தோடை போகேலாது" என்றாள்.

தொட்டி வைக்கிற முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உதவும்.

கண்ணாடி தடித்ததாக இருக்க வேண்டும். யன்னல் கண்ணாடி தண்ணீரின் பாரத்துக்கு வெடித்துவிடும். ஒட்டுகிற பசையைக் கொழும்பிலிருந்து ரீச்சர் எடுப்பித்தார். அது வினாகிரி மாதிரிப் புளித்து மணக்கும். அந்த மணம் முற்றாகப் போகும்வரை தண்ணீர் விடக்கூடாது. மண்ணை வடகடற்கரையில் அள்ளி, அங்கேயே கடல்தண்ணீரில், கலங்கல் வராமல் போகும்வரை அலசினேன். சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது. தண்ணீரையும் வடகடலில்தான் அள்ள வேண்டும். களப்புத் தண்ணீர் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. முழங்கால் ஆழத்தில் நின்று கான்களை நிரப்பும்போதும், தூரத்தில் கடற்படைக் கப்பல் நிற்கிறதா என்று பார்த்தபடிதான் நிரப்பினேன். பிறகு சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை மிதித்து உழக்குவேன்.

முதல் பிழை என்னுடையது. தண்ணீர் விட்ட அன்றே மீனையும் விட்டேன். எல்லாம் செத்து மிதந்தன. ரீச்சர் தன் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தொட்டி பழக வேணும். கண்ணுக்குத் தெரியாத கிருமியள் ஊறி அழுக்கைத் தின்னப் பழகின பிறகுதான் மீன் தாங்கும்." ஆகவே முதலில் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் இரண்டை மட்டும் விட்டோம். தண்ணீர் ஒருமுறை பால்போலக் கலங்கி, பிறகு தானாகத் தெளிந்தது. அதன் பிறகு ஓரா மீன் குஞ்சுகள், கறுத்த வரி போட்ட சின்ன மீன்கள், ஒரு நட்சத்திர மீன். காற்றுக்கு ஒரு சின்ன மோட்டர். கரண்ட் நின்றால் லொறி ரியூப் ஒன்றுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் விடுவேன். அது என் யோசனை. ரீச்சர் அதைப் பார்த்துக் கைதட்டினார்.

உப்பு அளக்க ரீச்சர் ஒரு மிதப்பான் செய்தார். சின்ன மருந்துப் போத்தல், அடியில் கொஞ்ச மண், வாயில் மெழுகு. புதுக் கடல்தண்ணீரில் அது எந்த மட்டத்தில் நின்றதோ அந்த இடத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு. உப்புக் கூடினால் போத்தல் எழும்பும். குறைந்தால் தாழும். கோடும் தண்ணீரும் ஒன்றாக நின்றால் சரி.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். வெயிலுக்குத் தொட்டியில் தண்ணீர் வற்றும். வற்றிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த இடத்தை மறுபடி கடல்தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். கிணற்றுத் தண்ணீர்.

ஆய்வுகூடத்துக்கு நேர் எதிரே பள்ளிக்கூடத்துக் கிணறு இருந்தது. தேங்காய்த் தண்ணீர் மாதிரி ருசி. ருசி எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கே தண்ணீர் அள்ளுகிற வேலைக்கு ஒருவர் இருந்தார், பள்ளிக்கூட வேலிக்கு அடுத்த வாழைத்தோட்டக்காரர். அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எனக்குத் தாகம் என்றால் அவர் சிரட்டையில் வார்த்துத் தருவார். குடித்துவிட்டுச் சிரட்டையை வேலிப் பொத்துக்குள் நான்தான் திருப்பிச் செருகி வைக்க வேண்டும். தேத்தண்ணிக் கடைகளில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ் என்று ஆகிக் கனகாலம். ஆனால் கிணறு கடை இல்லை. எங்கடை ஆட்கள் அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தொடுவதில்லை. அதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. காலைக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று அதிபர் செபம் சொல்லுவார். அந்த நேரத்தில் நான் ஆய்வுகூடத்துக்குள் நின்று தொட்டிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன்.

நல்ல தண்ணீர் வேண்டும் என்று ரீச்சர் சொன்னபோது அதிபர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். அவருக்கு விளங்கியது. ரீச்சருக்கும் விளங்கியது. எனக்கும்.

"கடல்தண்ணியை நீ கொண்டா. கிணத்துத் தண்ணியை அவர் அள்ளி ஊத்தட்டும். ஆளுக்கு ஒரு வேலை. சரிதானே?" என்றார்.

"ஓம் ஐயா."

அண்ணை காலையில் இரண்டு வாளி கொண்டுவந்து வைப்பார். கோடு தண்ணீரோடு சேரும்வரை ஊற்றுவார். ஆள் பகிடிக்காரர். "எடேய், கடலுக்கை ஆர் போய் நல்ல தண்ணி வாக்கிறான்? உன்ரை மீனுக்கு மட்டும் என்ன செல்லம்?" என்பார்.

"கடலுக்கு மழை வாக்குது அண்ணை."

"அப்ப நான்தான் மழையோ!" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்.

தவணை விடுமுறை வந்தது. அதிபர் கொழும்புக்குப் போனார். ரீச்சரின் வீடு தூரத்தில். அந்த ரீச்சர்தான் சாவியை என்னிடம் தந்து, "பள்ளிக்கூடம் துறக்கிற அண்டைக்கு இதுகள் நீந்திக்கொண்டு நிக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்திரை வெயில். ஓட்டுக் கூரைக்குக் கீழே தொட்டித் தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது.

முதல் நாள் அண்ணை வந்து வார்த்தார். அடுத்த நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். தோட்டத்துக்குள் இருந்து குரல் மட்டும் வந்தது.

"பள்ளிக்கூடம் பூட்டினாப் பிறகு எனக்கு என்ன அலுவல் உங்கை? குலை வெட்டிற நேரத்திலை மீனுக்குத் தண்ணி அள்ளிக்கொண்டு நிக்கட்டோ?"

"ரண்டு வாளிதான் அண்ணை."

"நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கு அவர் சந்தைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல் என்றார்கள். வீதியில் போனவர்களை மறித்துக் கேட்டேன். ஒருவர், பெரிய மனிதர், சைக்கிளால் இறங்காமலே, "ஏன், உனக்குக் கை இல்லையோ?" என்றார். பிறகு என்னை யார் என்று மட்டுக்கட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உழக்கினார்.

வீட்டிலிருந்து தண்ணீர் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் தண்ணீரே உவர். விட விட மிதப்பான் எழும்பியதே தவிர இறங்கவில்லை. சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. நட்சத்திர மீன் கால்களைச் சுருட்டிக்கொண்டு மூலையில் கிடந்தது. ஓராக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. அம்மா தைத்த சட்டைக்குப் பொத்தான் மட்டும்தான் பாக்கி.

கிணறு அங்கே இருந்தது. ஆய்வுகூடக் கதவில் நின்று பார்த்தால் கப்பியும் கயிறும் வாளியும் தெரியும். வாளியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, யாரோ சற்று முன்தான் அள்ளியிருக்கிறார்கள்.

ஒளித்துச் செய்ய வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. நடுப்பகல். போனேன். கயிற்றைப் பிடித்தேன். வாளியை இறக்கினேன். கப்பி கிறீச்சிட்ட சத்தம் அந்த வளவு முழுக்கக் கேட்டது. இரண்டு வாளி அள்ளிக் கொண்டுபோய், மீன்களுக்கு அதிர்ச்சி வராதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கோடு இறங்கிவந்து தண்ணீரைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தபோது வேலிக்கு மேலே அண்ணையின் தலை. காய்ச்சல்காரர் தலையில் வாழைக்குலையோடு நின்றார்.

"என்னடா செய்யிறாய்?"

"மழை அண்ணை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

விடுமுறை முடியும்வரை நானே அள்ளினேன். ஒருவரும் வந்து தடுக்கவில்லை. மீன்கள் தேறின. வரி மீன்கள் ஒன்றையொன்று துரத்தின. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பயம். "ஆரும் ஏதும் சொல்லுவினமே?" என்றாள். "மீன் நிக்குது. அவையளுக்கு வேணுமெண்டது மீன்தானே" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அதிகாலை, அதிகாரி வருகிறாரே என்று, கொஞ்சம் புதுத் தண்ணீர் மாற்றுவதற்காக வடகடலுக்குப் போனேன். புதுச் சட்டை நனைந்துவிடும் என்று கழற்றிச் சைக்கிளில் போட்டுவிட்டுத் தண்ணீர் அள்ளி, பிறகு போட்டுக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடப் படலைக்குள் நுழையும்போதே அந்த மணம் மூக்கில் அடித்தது. ஆசுப்பத்திரி மணம். முற்றம் முழுக்க ஈரம், வாய்க்கால் வெட்டின மாதிரித் தண்ணீர் ஓடிய தடம். கிணற்றடியில் இறைக்கிற மெசின் நின்றது. கயிறு புதுக் கயிறு. வாளியும் புதிது.

கிணற்றை முழுவதும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள்.

ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். அதிபரிடம் இருந்த மற்றச் சாவியால் கதவைத் திறந்திருந்தார்கள். அண்ணை தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கையில் வெறும் வாளி.

"நான் வந்து கோடு பாத்துத்தான் வாத்தனான்" என்றார். "ரீச்சர் சொன்ன மாதிரி. சரியாக் கோட்டுக்குத்தான் வாத்தனான்."

மீன்கள் எல்லாம் மேலே. ஒரு ஓராக் குஞ்சு பக்கவாட்டில் சுழன்று சுழன்று நீந்தியது. அதுவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. சங்கு நண்டு ஒன்று சங்கைவிட்டு வெளியே வந்து, உடம்பு வெறுமையாக மண்ணில் கிடந்தது. நண்டு சங்கைவிட்டு அப்படி வெளியே வந்து கிடந்ததை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

"மருந்துத் தண்ணி அண்ணை" என்றேன்.

"எனக்குச் சொன்னதைச் செய்தனான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அதிபரும் ரீச்சரும் வந்தார்கள். அதிபர் தொட்டியைப் பார்த்தார். பிறகு என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"சாக விட்டிட்டாய் என்ன?"

"ஐயா, கிணத்துக்கு மருந்து போட்டிருக்கினம். அந்தத் தண்ணியை வாத்தால் மீன் தாங்காது."

"வயித்தோட்டம் பரவுதாம். பிள்ளையள் குடிக்கிற தண்ணி. மருந்து போடாமல் என்ன செய்யிறது?" என்றார். எங்கேயும் வயிற்றோட்டம் இல்லை. அவர் குரலில் கோபமும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. "உப்புக் கூடிப் போச்சு. உனக்குப் பாக்கத் தெரியேல்லை."

ரீச்சர் கையை விட்டு மிதப்பானை எடுத்தார். திரும்ப வைத்தார். சிவப்புக் கோடு தண்ணீரோடு மயிரிழை பிசகாமல் நின்றது.

"சேர், உப்பு சரியாத்தான் நிக்குது" என்றார்.

"ரீச்சர், நீங்கள் வகுப்புக்குப் போங்கோ. மணி அடிச்சாச்சு."

ரீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்கள்…" என்று தொடங்கினார். பிறகு போனார். நான் அவரை நெடுநாள் கோபித்தேன். இப்போதும் முழுதாக விடவில்லை. அவருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சம்பளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை.

அதிபர் போகும்போது வாசலில் நின்று, மெல்லிய குரலில், நல்லது சொல்லுகிறவர் மாதிரிச் சொன்னார், "கேட்டிருந்தால் ஆரையும் அள்ளி வாக்கச் சொல்லியிருப்பன் மோனை. நீ ஏன் அவசரப்பட்டனீ?"

அவர் கெட்ட மனிதர் இல்லை என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தேன். வெட்டிவிட்டேன்.

கொண்டுபோன கடல்தண்ணீரை முற்றத்தில் ஊற்ற விடவில்லை, செம்மண் உவராகிவிடுமாம். திரும்பக் கட்டிக்கொண்டு வந்து தரவையில் ஊற்றினேன். அம்மா வாசலில் நின்றாள். கான்களைப் பார்த்தாள். "சட்டையைக் கழட்டித் தாங்கோ, தோய்க்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒருநாள் அதை வெட்டி அக்காவுக்கு இரண்டு சட்டை தைத்தாள். அக்கா, அந்தச் சின்னப் படத்தில் நீ போட்டிருப்பது அதில் ஒன்றுதான்.

அன்றைக்கு வராத அதிகாரி பிறகு ஒருநாள் வந்து ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்தாராம். வேலைக்கு வேறு ஆளை எடுத்தார்கள். சில மாதம் கழித்து அந்த வீதியால் போனபோது யன்னலுக்குள் பார்த்தேன். நான் பூட்டிய கண்ணாடி யன்னல். உள்ளே நான் ஒட்டிய தொட்டி. அதில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் சின்னச் சின்ன மீன்கள். நல்ல தண்ணீர் மீன்கள். மருந்து வாசம் போன பிறகு கிணற்றில் அள்ளி நிரப்பியிருக்கிறார்கள். அதற்குக் கடலும் தேவையில்லை, கடல்தண்ணீர் கொண்டுவருகிற ஆளும் தேவையில்லை. வடிவாகத்தான் இருந்தது. கண்ணாடியின் ஒரு மூட்டில்கூட ஒழுக்கு இல்லை.

நான் திரும்பவும் களப்பில் இறங்கினேன். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, எல்லாரோடும் சேர்ந்து ஊரைவிட்டு வெளிக்கிடும்வரை அதுதான் தொழில்.

சரி. தொட்டி வாங்குங்கள். நான் இனி மறிக்கவில்லை. கண்ணாடி, மண், காற்று எல்லாம் மேலே சொன்னபடி. மிதப்பான் நான் செய்து தருகிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இங்கே குழாயைத் திறந்தால் யாரையும் கேட்காமல் நல்ல தண்ணீர் வருகிறது. ஆனால் அதிலும் அந்த மருந்து கலந்துதான் வருகிறது. பிடித்த உடனே ஊற்றிவிடாதீர்கள். வாளியில் பிடித்து வெயிலில் வையுங்கள். மணம் போய்விட்டதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். அந்த மணம் எனக்குத் தெரியும்.